இரண்டாயிரத்து எண்ணூற்று எண்பது

கணபதியில் எங்கள் பம்ப்செட் ஷெட்டு.
ரோட்டரை உருளைமேல் ஏற்றிச் சுற்றவிட்டு
எந்தப் பக்கம் கனம் என்று பார்ப்பது என் வேலை.
கனம் குறைந்த பக்கம் புட்டி வைப்பேன்,
பட்டாணி அளவு, சில நாள் உளுந்தளவு.
நிமிஷத்துக்கு இரண்டாயிரத்து எண்ணூற்று எண்பது சுற்றில்
ஒரு உளுந்து தப்பினாலும்
போர்க்குழிக்குள் போய் உதறும்.

மார்கழி. எட்டரை மணிக்கு கரண்ட் போனது.
ஏற்றியிருந்த ரோட்டர் மட்டும்
சேதி தெரியாததுபோல் சுற்றிக்கொண்டிருந்தது.
வாசலுக்கு வந்தேன்.
ரோகிணிப் பக்கம் நிலா.
அதற்குக் கீழே, கிழக்கில்,
பழுக்கக் காய்ச்சி ஆறவிட்ட இரும்பின் நிறத்தில்
திருவாதிரை.

அது ஒரு தடவை தன்னைச் சுற்றிவர
முப்பது வருஷத்துக்கு மேலாகும் என்கிறார்கள்.
நான் பிறந்தபோது அந்தப் பக்கம் திரும்பிய முகம்
இன்னும் இந்தப் பக்கம் வந்து சேரவில்லை.
அவ்வளவு பெரிய உடம்பு.
சூரியனை எடுத்துவிட்டு அதை வைத்தால்
அவினாசி ரோடு மொத்தமும் அதன் வயிற்றுக்குள்.

ஒருநாள் எரிக்க ஒன்றுமில்லாமல் போகும்.
மேலே போர்த்தியதையெல்லாம் உதறி வீசிவிட்டு
நடுக்கரு உள்ளே விழும்.
கணபதியில் பஸ் ஏறி சூலூரில் இறங்குகிற அகலத்துக்குள்
ஒரு சூரியனுக்கு மேற்பட்ட கனம்.
அப்போது அது
எங்கள் மோட்டார் வேகத்துக்கு வரலாம்.
செகண்டுக்கு நாற்பத்தெட்டு.
கூடவும் இருக்கலாம்.

யாரும் சுவிட்ச் போடவில்லை. பெல்ட் கிடையாது.
அகலம் பாதியானால் வேகம் நாலு மடங்கு,
கால்வாசியானால் பதினாறு.
சுற்று, கைமாத்து வாங்கிய கடன் மாதிரி.
ஆள் இளைத்தால் கடன் இளைக்குமா?

நம்பாதவர்களுக்கு ஸ்டூல் இருக்கிறது.
இரண்டு கையிலும் வார்ப்பிரும்பு இம்பெல்லர் ஒவ்வொன்று.
நீட்டிப் பிடித்து உட்கார்ந்தேன்.
சுக்லால் முர்மு, செல்போன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
தோளைப் பிடித்துத் தள்ளிவிட்டான்.
மெஷின்.
வாசல்.
சுக்லால்.
சாமி படம்.
மறுபடி மெஷின்.
கையை மார்போடு இழுத்தேன்.
மெஷின்வாசல்சுக்லால்சாமிமெஷின்வாசல்சுக்
"போதுமுங்க்கா! போதுமுங்!"
ராஞ்சியைத் தாண்டி எங்கோ பிறந்தவன்
பயந்தால் மட்டும் சுத்தக் கொங்குத் தமிழ்.

அறுபத்திரண்டு பேர் இருந்த ஷெட்டு இது.
நோட்டுச் செல்லாமல் போனபோது கொஞ்சம் பேர்,
கொரோனாவில் பாதிப் பேர்,
செம்புக் கம்பி விலை ஏறியதில் மிச்சம்.
இப்போது ஒன்பது.
லேத் நின்ற இடத்தில் முதலாளி கார் நிற்கிறது.
மாசம் எண்ணூறு பம்ப் என்பது மட்டும்
அன்றைக்கும் எண்ணூறு, இன்றைக்கும் எண்ணூறு.
"ஆளு கொறஞ்சா என்னுங், ஆர்டரு கொறையுமாங்?"
என்பார் துளசிமணி,
சூப்பர்வைசர், ஸ்டோர் கீப்பர், வேன் டிரைவர்.
டீயை நின்றபடி குடிக்கிறோம்.
அதிலும் ஒருவர் குடிக்கும்போது
இன்னொருவர் அவர் மெஷினையும் பார்க்கிறோம்.

நாளை மறுநாள் பேரூரில் ஆருத்ரா.
லீவு கேட்கவில்லை.
விரித்த சடை, வீசிய கை, தூக்கிய கால்.
போன வருஷம் கூட்டத்தில் எம்பிப் பார்த்தபோது
எனக்குத் தோன்றியது தொழில் புத்திதான்:
கையையும் காலையும் உள்ளே இழுத்துக்கொண்டால்
இந்த ஆட்டம் யார் கண்ணுக்கும் நிற்காது.
விரிந்து நிற்பதால் ஆடுகிறார்.
சுருங்கினால் சுற்றுவார், அவ்வளவே.

ஒன்பது அஞ்சுக்கு கரண்ட் வந்தது.
ரோட்டர் எப்போதோ நின்றிருந்தது,
கனத்த பக்கம் தானாகக் கீழே வந்து.
மீட்டர் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.
மேலே, அதற்கு நேர் எதிரில்,
உளுந்தளவு வைத்து
கட்டைவிரலால் அழுத்தினேன்.
சுக்லால் அடுத்ததைத் தூக்கிக்கொண்டு வந்தான்.
இருபத்தேழாவது.