நடுவில் இல்லாத கல்

நாள் கூலி எழுநூறு ஷில்லிங்.
வேலை, உடைந்ததை ஒட்டுவது.

தகரக் கூரையின் கீழ் நீள மேசை,
மணல் பரப்பிய தட்டுகள்,
தட்டுகளில் எரிமலைக் கல்லின் சில்லுகள்.
ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளை மையில் ஓர் எண்.
இருபது லட்சம் வருஷம் பேரில்லாமல் கிடந்தவை
போன ஆகஸ்டில்தான் எண் வாங்கின.

என் பேர் நாக்வாவி.
துர்க்கானா ஏரிக்கு மேற்கே
மழை மறந்த ஓடைகளில் ஆடு மேய்த்த கண் எனக்கு.
எந்தக் குட்டி எந்த ஆட்டுடையது என்று
தூரத்து நடையிலேயே சொல்வேன்.
இங்கேயும் அதே வேலைதான்.
அறுபத்திரண்டின் பள்ளம்
எண்பதின் மேட்டைத் தேடும்.
முட்டும், பொருந்தாது,
திருப்பிப் பிடித்தால் மறுபடி முட்டும்.
பொருந்தும்போது ஒரு சத்தம் உண்டு,
வாயை மூடினால்
பல்லோடு பல் சேருமே, அவ்வளவுதான்.

பதினேழு நாளில்
ஒரு கல் திரும்பி வந்தது.
வெளியே முழுக் கல்,
உள்ளே
பருப்பைத் தின்றுவிட்டு எறிந்த பனங்கொட்டை.
இங்கே உட்கார்ந்து உடைத்தவர்
நடுக்கல்லை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.
வேண்டாம் என்று விட்டதெல்லாம் நம்மிடம்.

நாற்பத்தொன்றின் விளிம்பில் ஐந்து காயங்கள்,
நகத்தகல இடத்துக்குள் ஐந்தும்.
கல் பிளக்கவில்லை. அடித்திருக்கிறார்.
பிளக்கவில்லை.
அங்கேயே அடித்திருக்கிறார்.
"பழக்கம் போதாது" என்று எழுதினார் ஆய்வாளர் மூசியோகா.
கோபம் என்றேன்.
"கோபம் கல்லில் பதியாது, நாக்வாவி."
தண்ணீர் லாரி வராத மூன்றாம் நாள்
காலி டிரம்மின் மூடியை நான் அடித்த அடி
இன்னும் என் வீட்டு வாசலில் இருக்கிறது,
வந்து எண்ணிப் பாருங்கள் என்றேன்.
சிரித்தார்.
எழுதியதை அடிக்கவில்லை,
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார்.

ஓடைக்கு மேலே பாறையில் செதுக்கல்கள் உண்டு.
வட்டம், வட்டத்தைப் பிளக்கும் கோடு,
கொம்பு மாதிரி ஒன்று.
இந்தச் சில்லுகளுக்கு முன்னால்
அவை நேற்றுப் பிறந்த பிள்ளைகள்.
பொருள் தெரியவில்லை என்கிறது நோட்டுப் புத்தகம்.
கொம்பு மாதிரி இருப்பதை எனக்குத் தெரியும்,
அல்லது அதன் சாயலை.
என் புருஷன் வீட்டு ஒட்டகங்களின் தொடையில்
அதைத்தான் சுட்டிருக்கும்.
கல்யாணத்தன்று அப்பாவின் குறியை விட்டுவிட்டு
அந்தக் குறிக்குள் வந்தேன்.
செதுக்கியவர் நினைத்ததும் அதுதானா, தெரியாது.
எங்கள் வழக்கில் அதற்கு ஒரே பொருள்,
எங்களுடையது.

கொழுந்தன் லொமூரியாவின் பதினோரு ஒட்டகங்கள்
ஒரே இரவில் எல்லை தாண்டின.
அடுத்த வருஷம் சந்தையில் ஒன்றைப் பார்த்தான்.
அதே நொண்டல், அதே கிழிந்த காது.
தொடையில் மட்டும் ஒரு கோடு கூடுதல்.
அந்த ஒரு கோட்டால்
அது வேறொருவனுடைய ஒட்டகம்.

சில்லுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்,
ஒன்றிலும் குறி இல்லை.
என்னுடையது என்று சொல்லத் தெரியாதவர்களா,
சொல்லத் தேவைப்படாதவர்களா?
"சில்லு அதைச் சொல்லாது" என்றார் மூசியோகா.
அவர் சொன்னதில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

நேற்று அந்தப் பள்ளத்தில் பிளாஸ்டர் ஊற்றினோம்.
இன்று சாயங்காலம் பிரித்தோம்.
வெள்ளையாக வந்தது இல்லாத கல்,
கோழி முட்டையைவிடச் சற்றுப் பெரிது, கோணல்.
எந்தப் பேனாவும் அதற்கு எண் போடவில்லை,
கிடைத்ததற்குத்தான் எண்.

எல்லோரும் கை கழுவப் போன நேரம்
எடுத்து இடக்கையில் வைத்தேன்.
நிற்கவில்லை.
வலக்கைக்கு மாற்றினேன்.
பெருவிரலுக்கு ஒரு குழி இருந்தது,
சுட்டுவிரலுக்கு ஒரு மேடு.
உட்கார்ந்துகொண்டது.
இடக்கை சும்மா இருந்தது,
இருந்தது,
பிறகு தானாகக் கொஞ்சம் உயர்ந்தது.