ஏழு நொடிப் பிணம்

தொடையில் என்ன இது என்று கேட்டார்
மருத்துவர் ரவுத்தியோ.
பழுப்புச் சிவப்பில் ஒரு வலை.
மீன் இல்லை, வலை மட்டும்.
அடுப்பருகில் உட்கார்ந்து வேலையா?
அடுப்பில்லை, மடிக்கணினி.
எவ்வளவு நேரம்?
நான் கூரையைப் பார்த்தேன்.
மேசையில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.
பெயரிலேயே மடியை வைத்துவிட்டு
மேசைக்குப் போ என்றால்
அது எப்படிப் போகும்?

ஔலுவில் நவம்பர் கடைசி.
மூன்று மணிக்கே இருட்டு.
உறைந்து வெடித்த குழாய்களுக்கு
எவ்வளவு இழப்பீடு என்று சொல்வது என் வேலை.
நாள் முழுக்க நனைந்த தரைகளின் படங்கள்,
யாருடையதோ ஒற்றைச் செருப்பு மிதக்கும்.
ஐந்து மணிக்கு வேலை முடியும்.
நான் எழுந்திருப்பதில்லை.
அதே திரையில்
இன்னொரு சன்னலைத் திறப்பேன்.

மூன்றாம் பருவத்தின் நடுவே
நிறுத்திவிட்டார்கள் அந்தத் தொடரை.
விண்கலம் ஒரு தூசுமேகத்துக்குள் நுழைந்தது,
பன்னிரண்டு வருடமாக வெளியே வரவில்லை.
பணம் போட்டவர்கள் மறந்துபோனார்கள்.
மறக்க முடியாதவர்கள்
மிச்சக் கதையை வீட்டிலேயே எடுக்கிறார்கள்.
போர்ச்சுகலில் ஒரு பல் மருத்துவர்
நோயாளி நாற்காலியில் தளபதியைச் சாய்த்து வைக்கிறார்.
சிலியில் விண்கல் ஓர் உருளைக்கிழங்கு,
உற்றுப் பார்த்தால் முளை விட்டிருக்கும்.
காற்றே இல்லாத வெளியில்
பக்கத்து வீட்டு நாய் குரைக்கும்.
கடைசியில் பெயர்கள் ஓடும்:
சூப், ரொட்டி – இயக்குநரின் அம்மா.
அந்த வரி வரும்வரை
நான் மூடுவதில்லை.
பெரிய படங்களில் யாரும்
இத்தனை ஆசையாகத் தப்புச் செய்வதில்லை.

ஒரு வியாழன் இரவு, ஒன்றே முக்கால்.
தளபதி தாழ்வாரத்தில் ஓடுகிறாள்.
மஞ்சள் ஓடு பதித்த சுவர்.
ஓர் ஓடு பெயர்ந்த இடத்தில்
ஐஸ் ஹாக்கிக் கரடி ஸ்டிக்கர்.
நிறுத்தினேன். பின்னால் ஓட்டினேன்.
அந்தக் கரடியை எனக்குத் தெரியும்.
எங்கள் கட்டடத்தின் நிலவறை அது,
துணி உலர்த்தும் அறைக்குப் போகும் வழி.
வெள்ளிக் காகிதம் சுற்றிய கழிவுநீர்க் குழாய்தான்
கலத்தின் இயந்திரம்.
(கசிகிறது. தொழில் கண்.)

எதிரிப் பேரரசன்,
இரண்டாம் மாடி என்சியோ.
இரண்டு வருடத்தில் லிஃப்டில் அவர் என்னிடம் பேசியது
ஒரே ஒரு சொல்: கதவு.
இங்கே தலையில் வடிதட்டைக் கவிழ்த்துக்கொண்டு
அழிந்த தன் கோளுக்காகப்
பதினொரு நிமிடம் நிறுத்தாமல் பேசுகிறார்,
மூக்கு ஒழுக ஒழுக.

சனிக்கிழமை
துவைத்த துணியையே மறுபடி கூடையில் போட்டுக்கொண்டு
கீழே போனேன்.
நாலு பேர். பனிச்சறுக்குக் கம்பில் கட்டிய விளக்கு.
மீன் கடையில் வேலை செய்யும் வில்யா
கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்:
படுக்க முடியுமா?
ஆறாம் தளத்துக்கு ஒரு பிணம் குறைகிறது.

படுத்தேன்.
சிமெண்டுத் தரை முதுகில் ஏறியது.
கால்சட்டையைத் தொடையில் கிழித்தார்கள்,
கொள்ளைநோய்க் காட்சியாம்.
சாயப்பெட்டியோடு குனிந்த வில்யா
அப்படியே நின்றாள்.
யார் போட்ட ஒப்பனை இது? பிரமாதம்!
நானேதான், என்றேன், ஆறு வருடமாக.
வடிதட்டு குலுங்கக் குலுங்கச்
சிரித்தது பேரரசு.

ஒன்பது முறை எடுத்தார்கள்.
ஒன்பது முறையும் கண்ணை மூடிக் கிடந்தேன்.
இமைக்குள் எந்த வெளிச்சமும் இல்லை.
மேலே யாரோ தண்ணீர் திறந்தார்கள்,
குழாய் வழியே அது
என்னைத் தாண்டிப் போனது.

பிப்ரவரியில் படம் வந்தது.
நான் ஏழு நொடி.
எத்தனை முறை பார்த்தேன் என்று
ரவுத்தியோவிடம் சொல்லிவிடாதீர்கள்,
எங்கே வைத்துப் பார்த்தேன் என்றும்.
ஆறாவது நொடியில்
பிணத்தின் வயிறு மெல்ல ஏறி இறங்குகிறது.
வெட்டாமல் விட்டிருக்கிறார்கள்.

மறுநாள் லிஃப்டில் என்சியோ.
தரையைப் பார்த்தபடி வந்தார்.
இரண்டாம் மாடி. வெளியே ஒரு கால் வைத்து,
மூச்சு, என்றார்.
கதவு மூடியது.