பலகை

திங்கள் இரவு தொடங்கியது.
செவ்வாய் விடிந்தபோது
டிக்கெட் கவுண்டரின் சன்னலில்
முக்கால் பங்கு வெள்ளைச் சுவர்.
மேலே மிஞ்சிய ஒரு சாண் வெளிச்சத்தில்
பலகையை எடுத்து எழுதினேன்:
திபிலிசி பேருந்து இல்லை.
சிலுவைக் கணவாய் மூடியிருக்கிறது.

கேள்வி ஒன்றுதான்,
கேட்கிற வாய்கள் வேறு.
எப்போது திறக்கும்?
ஹைஃபாவின் பல் மருத்துவர்
விமானச் சீட்டைக் கண்ணாடியில் அழுத்திக் காட்டினார்,
என்னைத் தாண்டி மலைக்கே காட்டுவதுபோல.
பனிக்காகத்தானே வந்தீர்கள்
என்று நுனிநாக்குவரை வந்ததை விழுங்கினேன்.
ஆறு நாள் பனிக்குக் காசு கட்டினார்கள்,
ஏழாம் நாள் சும்மா கிடைக்கிறது,
வேண்டாமாம்.

மேலே லிஃப்ட் நாற்காலிகள்
கம்பியில் அசையாமல் நின்றன.
ஒவ்வொன்றிலும் யாரோ
நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்ததுபோல்
பனி.

என்னை மாற்ற வேண்டிய லேலா
கீழே பசனாவுரியில் மாட்டிக்கொண்டாள்.
ஆகவே புதன்கிழமையும் நான்.
அதே ஸ்வெட்டர், அதே சாக்பீஸ்.
ஹோட்டல்களில் ரொட்டியைப் பாதியாக வெட்டினார்கள்.
போலந்துப் பையன்கள் நால்வர்
மண்வாரியைக் கேட்டு வாங்கிப் போய்
யாருடைய காரையோ தோண்டி எடுத்து,
பிறகு அது தங்களுடையது இல்லை என்று கண்டு,
அங்கேயே உட்கார்ந்து சிரித்தார்கள்.

சாலையோரம் லாரிகள்.
நுக்ஸாரின் லாரி நிறையக் கமலா ஆரஞ்சு,
படூமியில் ஏற்றியது, வடக்கே போக வேண்டியது.
பழம் உறையக்கூடாதென்று
இரண்டு இரவு என்ஜினை அணைக்கவில்லை.
எனக்கு ஊற்றுகிற சூப்பைவிட
அதற்கு ஊற்றுகிற டீசல் அதிகம் என்றான்.
வியாழன் விடியலில் டேங்க் வறண்டது.
ஒரு மணி நேரம் ஸ்டீயரிங்கில் தலை வைத்திருந்தான்.
பிறகு பின்கதவைத் திறந்து
பெட்டி பெட்டியாக இறக்கினான்.
எடுத்துக்கொள்ளுங்கள், எடுத்துக்கொள்ளுங்கள்,
கோபமாகத்தான் சொன்னான்.
பணம் நீட்டிய பல் மருத்துவரைத்
திட்டியும் விட்டான்.

என் வியாழனைப் பற்றி யாரும் கேட்கவில்லை.
பதினொரு மணிக்கு நான்
திபிலிசி நீதிமன்றத்தில், மூன்றாம் மாடியில்,
ஒரு கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும்.
வாஜா அங்கே போய்விட்டான்.
அவனுக்கு வெறும் மழை.
"வேண்டுமென்றே செய்கிறாய்" என்றான் போனில்.
"எதை? பனியையா?"
ஒரு கணம் லைனில் ஒன்றும் இல்லை.
அப்புறம் சிரித்துவிட்டான்.
நானும்.
மூன்று வருடத்தில் முதல் தடவை,
ஆகவே இருவரும் உடனே இருமி
அதைச் சரிசெய்துகொண்டோம்.
நீதிபதி பதினேழாம் தேதி கொடுத்திருக்கிறார் என்றான்.
குறித்துக்கொண்டேன் என்றேன்.
குறிக்கவில்லை.
கையில் ஆரஞ்சு இருந்தது,
தோல் பாதி உரித்தபடி.

அன்று மதியம் பலகையில்
மூடியிருக்கிறது என்று மறுபடி எழுதும்போது
எழுத்து வழக்கத்தைவிட அழகாக விழுந்தது.
வெட்கமாக இருந்தது.
துடைத்துக் கோணலாக எழுதினேன்.

வெள்ளி காலை
மஞ்சள் விளக்கு முதலில் தெரிந்தது,
சத்தம் பிறகு.
பனிவாரி வண்டி இரண்டு ஆள் உயரத்துக்குச்
சுவர் எழுப்பிக்கொண்டே வந்தது.
அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்த வேனிலிருந்து
லேலா குதித்து இறங்கி
"போ, போய்த் தூங்கு" என்றாள்.
கவுண்டருக்கு வெளியே
பனி எங்கும் ஆரஞ்சுத் தோல்,
ஏதோ கல்யாணம் நடந்து முடிந்த இடம்போல.
நுக்ஸார் யாரிடமோ டீசல் கடன் வாங்கிக்கொண்டிருந்தான்,
காலி லாரிக்கு.

போவதற்கு முன் பலகையைத் துடைத்தேன்.
நான்கு நாள் ஒரே இடத்தில் எழுதியது,
சாக்பீஸ் முழுதாகப் போகவில்லை.
அதன்மேலேயே எழுதினேன்: திறந்தது.
பின்னால் யாரோ எட்டிப் பார்த்து,
"என்னம்மா போட்டிருக்கிறீர்கள்,
இரண்டும் தெரிகிறதே" என்றார்.