போச்சு

அம்பகாமம் காட்டோரம், பத்தரைத் தேத்தண்ணி.
நெஞ்சுக் கவசத்தைக் கழற்றிக் கொப்பில கொழுவிப்போட்டு
சொல்-ஆ கொப்பியைத் திறக்கிறாள்.
(எங்கட பெட்டையளுக்கு அவள் சோளம்.
அவளுக்கும் அது தெரியும்.)

ஒரே வினைக்கு நாலு பக்கம்:
கோ ஓஃப்.

அலாரம் கோ ஓஃப் எண்டால் அடிக்கத் தொடங்குது.
லைற் கோ ஓஃப் எண்டால் எரியிறது நிக்குது.
பால் கோ ஓஃப் எண்டால் திரைஞ்சிட்டுது.
சுப்பவைசர் கோ ஓஃப் எண்டால்
வவுனியாவுக்கு வெளிக்கிட்டிட்டார்,
இனி நாளைக்குத்தான்.
ஐஞ்சாவதை அவள் எழுதேல்லை.
அந்த வரியில ஒரு சின்னச் சிவப்பு முக்கோணம் கீறியிருக்கு.
செர்வொன்னில, மாமான்ர நெல்வயலுக்குப் பக்கத்தில
முள்ளுக்கம்பியில தொங்கிறதாம்.
எங்களுக்கு மண்டையோடு.
அவையளுக்கு முக்கோணம்.

போன செவ்வாய்
வோக்கியில ஆரோ சொன்னது:
ஜெனரேற்றர் வென்ற் ஓஃப்.
நாங்கள் சோத்துப் பாசலை அவிழ்த்துக்கொண்டிருந்தம்.
இவள் மட்டும் குப்புற விழுந்து
ரெண்டு கையாலயும் பிடரியைப் பொத்தி
பாலை வேரோட வேராக் கிடந்தாள்.

ஒருத்தரும் சிரிக்கேல்லை.
அம்புலன்சில நிக்கிற சுகிர்தமலரக்கா
மெல்ல வந்து பக்கத்தில இருந்து
"கரண்ட்தான் போச்சு" எண்டா, தமிழில.

அந்தச் சொல்லை அண்டைக்குத்தான் அவள் கேட்டது.
முழங்கால் மண்ணைத் தட்டித் தட்டிச் சொன்னாள்:
எங்களுக்கும் கரண்ட் போறதுதான்.
நாகத்தா.
அணையிறேல்லை, எழும்பி வெளிய போயிடும்.
உங்களுக்கு வேற என்னவெல்லாம் போகும்?

யோசிச்சன்.
பல்லுப் போகும். பஸ் போகும். மானம் போகும்.
வெள்ளாமை போகும், வெள்ளம் வந்தால்.
சுகிர்தமலரக்கா
களுசானைக் கொஞ்சம் உயர்த்தி
பிளாஸ்ரிக் காலில விரலால ரெண்டு தட்டுத் தட்டினா.
இதுவும்.

அவள் எழுதினாள். பிறகு
எழுதினதையே கனநேரம் பாத்துக்கொண்டிருந்தாள்.
ஆங்கிலத்தில வெடி போகுது.
எங்கட பாஷையில
கால் போகுது.

இண்டைக்குப் பால் போத்தலை நான்தான் வெயிலில மறந்துபோனன்.
மூடியைத் திறந்து மணந்து பாத்தாள்.
(அவளின்ர பாஷையிலயும்
மூக்கு மணந்துதான் பாக்குமாம்,
நாக்கு சாப்பிட்டுத்தான் பாக்குமாம்.
இங்கிலிஷ்காரருக்குத்தான் ஏனோ அதில கண் இல்லை.)
முகத்தைச் சுழிச்சாள்.
கொப்பியைத் தேடினாள், காணேல்லை,
அது கவசத்துக்குக் கீழ.

"போச்சு" எண்டாள்,
பிழையில்லாமல்.
விசில் ஊதுது.
பிளேன் ரீயைக் குடிச்சுப்போட்டு
ஹெல்மற்றைக் கொழுவிக்கொண்டு
அவள் ரெண்டாம் பாதைக்கு,
நான் மூண்டாம் பாதைக்கு.