வைட் பெலன்ஸ்

"வெள்ளையா ஏதாவது குடுங்க" என்றேன்.
சாமிமலையில் கல்யாண வீடு, காலை ஆறரை,
பத்துக் காம்பரா லயத்தில் மூன்றாவது வாசல்.
பனியே வெள்ளைதானே என்றார் மாப்பிள்ளைத் தோழன்.
அவர் கெமரா பிடித்ததில்லை.
பனி நீலம்.
உள்ளே தொங்கும் குண்டு பல்பு மஞ்சள்.
இரண்டுக்கும் நடுவே நிற்கும் திலகேஸ்வரியின் முகம்
என்ன நிறமென்று கெமராவுக்குத் தெரியாது.
யாராவது சொல்லவேண்டும்:
இதோ, இதுதான் வெள்ளை,
மற்றதையெல்லாம் இதிலிருந்து கணக்குப் பார்.

வேட்டி காட்டினார்கள், நீலம் போட்ட வேட்டி.
சுவரைக் காட்டினார்கள், புகை குடித்த சுவர்.
கடைசியில் பெண்ணின் தாய் அமராவதி
அடுப்படியிலிருந்து ஈரக்கையோடு வந்து
இடுப்புப் பையில் எட்டாய் மடித்திருந்த தாளை
லென்சுக்கு முன்னால் விரித்துப் பிடித்தார்.

சம்பளத் துண்டு.

"அந்தப் பக்கமில்லக்கா, பின்பக்கம்"
என்று நான் சொல்லி முடிக்கப்
பதினொரு விநாடி.
ஸ்டான்ட்பையில் நிற்கிறதென்று நினைத்திருந்தேன்.
மூலையில் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.
ஆட்டோ ஃபோகஸ் முதலில் அவர் விரலைப் பிடித்தது,
கொழுந்துக் கறை ஏறிய நகக்கண்,
அதை விட்டுப் பின்னால் பனிக்குள் போய்த் துழாவி
திரும்பி வந்து
எழுத்தில் நின்றது.

தாளைத் திருப்பினார். வெள்ளை கிடைத்தது.
அப்புறம் நாள் முழுக்க எனக்கு வேலை.
தாலி ஏறும் நேரம் பார்த்து
எந்த வீட்டிலும் வருகிற அதே சித்தப்பாவின் முதுகு
ஃப்ரேமுக்குள் வந்தது.
ட்ரைபொட்டின் ஒரு கால் கானுக்குள் இறங்க
எதிர்மலை சரிந்து போன ஒரு ஷொட்.
பந்தியில் மட்டக்கம்பு வைத்த மாதிரி
மட்டம் பிசகாமல் ஒரு பேன், அதில் எனக்குப் பெருமை.
மாலைக்குள் பெட்டரி மூன்றும் தீர்ந்தன.
விறகு ஈரமாம்.
அந்தத் துண்டை வைத்துத்தான் அடுப்பு பற்றவைத்தார்களாம்,
பிறகுதான் தெரிந்தது.

நோர்வூட் கடையில் எடிட்டிங்.
முதல் பதினொரு விநாடியை வெட்டினேன்,
ரோஜாப்பூ விரியும் டைட்டில் போட்டேன்.
அமராவதியக்கா வெட்டாத கேசட்டையும் கேட்டு வாங்கினார்.
"அதுக்கும் சேத்துத்தானே காசு?"

ஐந்து வாரம் கழித்து, மழை நாள்,
அந்தக் கேசட்டோடு கடைக்குள் வந்தார்.
"மொதல்ல வாற தாள நிப்பாட்டு தம்பி."
நிப்பாட்டினேன்.
போஸ் போட்டால் படம் கொஞ்சம் நடுங்கும்,
டேப்பின் குணம் அது.
சந்தா, அட்வான்ஸ், தேயிலைத் தூள், கோயில் என்று
நடுங்கி நடுங்கி நின்றன கழிவுகள்.
அவற்றுக்கு மேலே ஒரு வரி. அதை ஸூம் செய்யச் சொன்னார்.
வேலை நாள் பத்தொம்பது.

"நான் போனது இருவத்திரெண்டு.
மூணு பேர முழுங்கிட்டானுக.
கேட்டா, துண்டக் கொண்டாங்கிறாரு கிளாக்கரு."

ஒரு ஃப்ரேமைப் பிடித்துப் பிரின்ட் எடுத்தேன்.
ஓரத்தில் இலக்கம் ஒன்று விழுந்திருந்தது.
அழிக்கவா என்றேன். அதென்ன என்றார்.
டைம்கோட்.
ஒவ்வொரு விநாடியையும் இருபத்தைந்தாய்ப் பிரித்து
ஒவ்வொன்றுக்கும் பேர் போட்டு வைக்கும்,
ஒன்றையும் விடாது.
அக்கா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
"செக்ரோல் எழுத இதத்தான் வச்சிருக்கணும்."

இரண்டு பேருக்குக் காசு கொடுத்தார்களாம்.
மூன்றாவது இழுபறியில் கிடக்கிறது.
ரோஜாப்பூப் படத்தை அந்த வீட்டில் யாரும் போடுவதில்லை.

இப்போது என் பையில் எப்போதும் ஒரு வெள்ளை அட்டை உண்டு.
எடுப்பதில்லை.
எந்த லயத்துக்குப் போனாலும்
சிவப்புப் புள்ளி எரிகிறதா என்று
இரண்டு தரம் பார்த்துவிட்டுக் கேட்கிறேன்,
வெள்ளையா ஏதாவது குடுங்க.