லீற்றர்க் கணக்கு

சி.ஆர். கொப்பியில் நாலு கட்டம் கீறினேன்.
போன நேரம். வந்த நேரம். ஊற்றிய எண்ணெய். காற்று.
மீன் கணக்குக்கு வேறு கொப்பி இருக்கிறது,
அதைத் தோணி வைத்திருக்கிற எல்லாரும் எழுதுவார்கள்.

வாழைச்சேனையில் இருந்து வெளிக்கிட்டு
கல்குடா முனை தாண்டி இருபத்துநாலு கடல்மைல்.
போய்வர நாற்பத்தாறு லீற்றர்.
பக்கத்தில் கட்டுகிற கிருபைராசாவுக்கு
அதே மோட்டர், அதே நாற்பது குதிரை,
முப்பத்தைந்துதான்.
“அவன் புளுகுறான்” என்றார் வில்வராசா.
என் புருசன். கடலில் கெட்டிக்காரன்,
கழித்தலில் அவ்வளவு இல்லை.

முதல் ஞாயிறு தோணியைக் கவிழ்த்தோம்.
அடியில் ஒரு வாளி கொட்டலசு.
சுரண்டச் சுரண்ட என் நகம் போனது,
எண்ணெயில் மூன்று லீற்றர் குறைந்தது.
நகத்தைக் கொப்பியில் எழுதவில்லை.

மறுகா விசிறி.
ஓட்டமாவடி உதுமாலெப்பை மெக்கானிக்
கழற்றி வெயிலில் பிடித்துக் காட்டினார்.
மூன்று இதழில் ஒன்றுக்குப் பல் போயிருந்தது.
“எந்தக் கல்லில தட்டின?”
வில்வராசா மேகம் பார்த்தார்.
அன்று மேகமே இல்லை.

புது விசிறிக்கு இன்னும் இரண்டு லீற்றர் இறங்கியது.
நாற்பத்தொன்று.
அதற்குமேல் அசையவில்லை.

அப்போதுதான் இவருக்கு ஒரு யோசனை:
மெல்லப் போனால் மிச்சம் பிடிக்கலாம்.
அரைக் கைபிடியில் போனார்,
மூக்கு வானத்தில், பின்பக்கம் குழியில்,
ஏறாமல் படுக்காமல்
தன் அலையையே இழுத்துக்கொண்டு.
வந்திறங்க நாற்பத்தொன்பது!
சத்தமாக வாசித்துக் காட்டினேன்.
நடக்கவும் இல்லை, ஓடவும் இல்லை என்றால்
கால்தான் நோகும் என்று
கணக்கு எனக்குச் சொன்னது,
நான் இவருக்குச் சொன்னேன்,
இவர் தேத்தண்ணி கேட்டார்.

உதுமாலெப்பை திரும்ப வந்தபோது
மோட்டர் பக்கம் போகவே இல்லை.
தோணிக்குள் முழங்காலில் இருந்து
பலாப்பழம் பார்க்கிறவர் மாதிரி
தளத்தைத் தட்டிக்கொண்டே போனார்.
டங், டங், டங்.
பின்னுக்கு, எண்ணெய்க் கலனுக்குக் கீழே,
தொப்.

துளைத்தார்.
ஒரு விரல் கனத்தில் தண்ணீர் வந்தது.
நக்கிப் பார்த்தேன், உப்பு.
பின்னேரம் வரை ஓடியது,
இரவில் சொட்டியது, அடுத்த நாளும் சொட்டியது,
பூனை ஒன்று வந்து பார்த்துவிட்டுப் போனது.
ஊறிய நுரையைப் பிய்த்து எடுத்துத்
தராசில் வைத்தால் நூற்றிருபது கிலோ.

எத்தனை வருசமாகக்
கடலுக்கு மேலே கடலைச் சுமந்திருக்கிறோம்,
கூலியும் நாங்களே கொடுத்து.

வில்வராசா அன்று பேசவில்லை.
நனைந்த நுரையை ஒருக்கால் தூக்கிப் பார்த்தார்,
வைத்தார்,
திரும்பவும் தூக்கிப் பார்த்தார்.

தளம் ஒட்டிக் காய்ந்தது.
ஐஸ்பெட்டி ஒரு முழம் முன்னுக்குப் போனது.
மோட்டரின் கம்பியை ஒரு துளை உள்ளே மாற்றினோம்.
அடுத்த பயணம் கச்சான் காற்று,
கரையில் இருந்தே கண்டேன்:
மூக்கைத் தாழ்த்தி, முதுகு நிமிர்த்தி,
தண்ணீரில் மேல்தோலை மட்டும் தொட்டுக்கொண்டு
யாரோ ஒருவருடைய தோணி வந்தது.
அது எங்களுடையது.

முப்பத்துநாலு லீற்றர்.
பதினாலில் இருந்த வேகம் பதினெட்டு.
மூன்று தரம் கூட்டினேன்,
கூட்டுவதற்கு ஒன்றுமே இல்லாதபோதும்.

ஆனால்,
ஐந்து பத்துக்குக் கரை தொட்டவர்
ஆறரை வரைக்கும் நின்றார்.
வாங்குகிறவரின் லொறி பழைய நேரத்துக்குத்தான் வரும்.
சூரை மீனுக்கு மேல் ஐஸ் கரைந்தது,
இன்னொரு கட்டி வாங்கினோம்,
மிச்சம் பிடித்த எண்ணெயில் இரண்டு லீற்றரை
அந்த ஐஸ் குடித்தது.

“இப்ப என்ன செய்யிற?” என்றார்,
ஏதோ நான்தான் கடலைச் சுருக்கிவிட்டேன் என்பதுபோல்.

வலையை முக்கால் மணித்தியாலம்
கூடக் கிடக்க விடுங்கள் என்றேன்.
கொப்பியைத் திறந்து, ஓரத்தில்
இடம் இல்லாத இடத்தில்
ஐந்தாவது கட்டம் கீறினேன்:
லொறி.