மூன்று லட்சத்துக்குப் பன்னிரண்டு குறைவு

சிக்கந்தர் காருக்கு அடியில் படுத்தபடியே பேசுகிறான்.
குரல் வருகிறது. வெளியே இரண்டு கால்கள்,
ஒன்றில் மட்டும் செருப்பு.
"இன்ஜினு கல்லு மேடம்.
உடம்புதான் போச்சு."
திருப்புளியால் எங்கோ குத்துகிறான்.
கிளட்ச் பெடலுக்குப் பக்கத்தில்
அப்பளம் நொறுங்குகிற சத்தம்.
நுனி மேலே வந்து
என்னைப் பார்க்கிறது.

முதுநகர்த் துறைமுகக் காற்று
தவணை கட்டிய காலத்திலிருந்தே
தன் பங்கைத் தின்றுகொண்டிருந்திருக்கிறது.

இண்டிகா, டீசல்.
தானே புயலில் மரம் விழுந்து கூரை நசுங்கியதை
நெய்வேலிக்காரர் ஒருவர் மலிவாகத் தள்ளிவிட்டார்.
தட்டி நிமிர்த்தினார்கள்.
ஐப்பசி வந்தால் இன்றும்
அந்த இடத்தில்தான் சொட்டும்.
பின்சீட்டு மடங்கியே கிடக்கிறது:
கன்று இழுக்கும் கயிறு, கம்பூட்டு, கால்சியம் பாட்டில்கள்,
எந்த சோப்புக்கும் போகாத ஒரு வாடை.
என் மகள் பள்ளிக்கு பஸ்ஸில் போகிறாள்.

வில்லியனூர் சாலை ஷோரூமில்
குளிரக் குளிர உட்காரவைத்துச் சொன்னான் பையன்:
"எக்ஸ்சேஞ்சுல முப்பத்தெட்டாயிரம்.
பாண்டி நம்பர் போட்டுக்கலாம் மேடம், வரி மிச்சம்.
அட்ரஸ் ப்ரூஃப் நாங்க பாத்துக்கறோம்."
நான் அரசாங்க வேலைப்பா என்றேன்.
"அவங்கதான் மேடம் நெறய வாங்கறாங்க."

போன வருஷம் இன்ஜெக்டர், கிளட்ச்,
கழன்று கையோடு வந்த ஒரு கதவு:
நாற்பத்தோராயிரத்து அறுநூறு,
முப்பத்தெட்டாயிரம் பெறும் வண்டிக்கு.

இந்தக் கணக்கு எனக்குப் புதிதல்ல.
எட்டாம் ஈற்று. மடிநோய் வந்து
ஒரு காம்பு அடைத்த மாடு.
தீவனம் இவ்வளவு, பால் இவ்வளவு.
கொட்டகையில் நின்றபடியே கூட்டிச் சொல்வேன்,
"கழிச்சிடுங்க."
சொல்லும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்வேன்,
அவ்வளவுதான்.
நடுவீரப்பட்டில் பச்சைவாழி ஒருத்திதான் கேட்டாள்:
"கழிக்கறதுன்னா எங்க, டாக்டரம்மா?"
நான் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன்,
எழுத மருந்தே இல்லாத மாட்டுக்கு.

சிக்கந்தர் வெளியே வந்து கை துடைக்கிறான்.
"தகடு வெட்டிப் பத்தவெக்கலாம். ஆறாயிரம்.
ஒரு வருஷம் தாங்கும்.
இல்லாட்டி..."
குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்கிறான்.
"குடுத்துடுங்க."

எங்கே என்று நான் கேட்கவில்லை.
அவன் பட்டறைச் சுவரில்
வண்டி இல்லாத கதவுகள் ஏழெட்டு சாய்ந்திருந்தன.
யோசிச்சுச் சொல்றேன் என்றேன்,
எல்லாரும் என்னிடம் சொல்வதுபோல.

இரவு ஒன்றே முக்கால். தூக்கணாம்பாக்கத்திலிருந்து போன்.
கன்றின் ஒரு கால் மட்டும் வெளியே.
சாவியைத் திருப்பினேன். மூன்றாம் தடவை
இருமிக்கொண்டே எழுந்தது.
மீட்டர் விளக்கு எரிவதில்லை;
செல்போன் வெளிச்சத்தில் பார்த்தேன்: 2,99,988.
இன்றைக்கு மூன்று லட்சம்.
அந்தப் பூஜ்யங்கள் புரள்வதைப் பார்த்துவிட வேண்டும்.

திருப்புளி போட்ட துளை வழியே
கணுக்காலில் காற்று ஊதியது.
பெண்ணையாற்றுப் பாலத்தில் சில்லென்று.
கரும்புக் கொல்லைகளைத் தாண்டும்போது
கொஞ்சம் இனிப்பாக.

கன்று தலையைத் திருப்பிவைத்திருந்தது.
தோள்வரை கை விட்டு, நேராக்கி, இழுத்து,
பசு எழுந்து நிற்க நாலரை ஆகிவிட்டது.
எத்தனையாவது ஈற்று என்றேன்.
"ஒம்போது" என்றார் மாட்டுக்காரர்,
பிடிபட்டவர் மாதிரி.
நான் வாளியில் கை கழுவிக்கொண்டேன்.
இன்னும் கொஞ்சம் சோப்பு கேட்டேன்.

திரும்பும்போது, பாலத்துக்குப் பக்கத்தில், விடிந்திருந்தது.
அப்போதுதான் மீட்டர் ஞாபகம்.
3,00,017.

சிக்கந்தர் ஒன்பது மணிக்கு முன்னால்
போன் எடுக்கமாட்டான்.
ஓரமாக நிறுத்தி,
துளையில் ஒரு பழைய கையுறையைத் திணித்தேன்.
வண்டிக்கு அடியில்
அதன் ஐந்து விரலும் தொங்க
ஊருக்குள் வந்தோம்.